கூட்டினால் சரியாகிவிடுமா?

"ரெக்கார்டிங்கில் சத்தம் கம்மியா இருக்கா? வால்யூமைக் கூட்டு!"

இணைய வானொலியைப் பதிவு செய்கிறவர்கள் என்ன சந்தேகம் கேட்டாலும் கிடைக்கும் பதில் இதுதான். கணினிக் கடைக்காரரும் இதையே சொல்கிறார், கல்லூரியில் 'சிஸ்டம் தெரிந்த' சீனியரும் இதையே சொல்கிறார். கூட்டியும் சரிவரவில்லை என்றால் அடுத்த பதில் தயாராக இருக்கும்: "நல்ல சவுண்டு கார்டு வாங்கு." இரண்டுமே தவறான பதில்கள். நோய் எங்கே என்று பார்க்காமலே எழுதிக் கொடுக்கும் மருந்துச் சீட்டு இது.

இது வெறும் தொழில்நுட்பப் பிரச்சினைதானே, இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று தோன்றலாம். காரைக்காலை எடுத்துக்கொண்டால் காரணம் புரியும்.

100.3 மெகாஹெர்ட்சில் ஒலிக்கும் ஆகாசவாணியின் காரைக்கால் பண்பலை, நாகப்பட்டினம், திருவாரூர் பக்கமெல்லாம் வீட்டிலும் டீக்கடையிலும் பழகிய நிலையம். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் அந்த அலை எட்டும் தூரத்தில் இல்லை. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் இது. பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்கள் இங்கே ஏராளம். வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் தனி. பண்பலை அலை கடல் தாண்டாது, இணையம் தாண்டும். ஆகாசவாணியின் 'நியூஸ் ஆன் ஏர்' செயலி நாடு முழுவதும் 200-க்கும் மேற்பட்ட நிலையங்களை நேரலையாகத் தருகிறது. பாரிசில் இருக்கும் பேரன் காரைக்கால் வானொலி கேட்பதில் இன்று எந்த அதிசயமும் இல்லை.

உள்ளூர் வானொலியின் பெருமையே அதில் பேசுகிறவர்கள் பிரபலங்கள் இல்லை என்பதுதான். சினிமாப் பாட்டு ஆயிரம் இடத்தில் கிடைக்கும். நெடுங்காட்டு விவசாயி ஒருவர் விதைநெல் பற்றிப் பேசிய பத்து நிமிடமோ, ஒரு பாட்டி பாடிய நடவுப்பாட்டோ வேறெங்கே கிடைக்கும்? பாடியவர் மறைந்துவிட்டால், அந்தக் குடும்பத்தின் கையில் மிஞ்சுவது யாரோ ஒருவர் பதிவு செய்து வைத்த ஒரே ஒரு கோப்புதான். அதைத் திறந்தால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல ஒரு முனகல், அல்லது காது கிழியும் கரகரப்பு! அதற்கு மேல் வால்யூமைக் கூட்டு என்று ஒரு அறிவுரை வேறு!

இன்னொரு சங்கடமும் உண்டு. இங்கே காலை 6.30 மணி என்றால் பாரிசில் குளிர்காலத்தில் அதிகாலை 2 மணி, கோடையில் 3 மணி. கணினியில் நேரத்தைக் குறித்துவைத்துத் தூங்கப் போவதுதான் வழி. பக்கத்தில் உட்கார்ந்து ஒலியளவைக் கூட்டவும் குறைக்கவும் யாரும் இருக்க மாட்டார்கள். அப்படியானால் ஒலியளவுக் குமிழையே நம்பியிருக்கும் ஒரு முறை எப்படிச் சரியான முறையாகும்?

சரி, ஒலி எங்கேதான் கெடுகிறது?

நேரலை கணினிக்கு வந்து சேரும்போது அது ஒலியே அல்ல, வெறும் எண்கள். நிலையம் அனுப்பிய அளவு அதற்குள் அப்படியே இருக்கிறது. பிறகுதான் பயணம் தொடங்குகிறது. பிளேயர் அந்த எண்களை விரித்து ஒலியாக்குகிறது. பிளேயரின் வால்யூம் ஒரு முறை குறைக்கிறது. விண்டோசின் மிக்ஸர் இன்னொரு முறை குறைக்கிறது. ஹெட்போன் துளை வழியாக மின்சாரமாக வெளியே வந்து, ஒரு வயர் வழியாக மைக் துளைக்குள் நுழைந்து, மறுபடியும் எண்களாக மாறுகிறது. இத்தனை கைமாறிய பிறகு அளவு சரியாக இருந்தால்தான் ஆச்சரியம்!

குறைவாகப் பதிவானால் என்ன நஷ்டம்? 16 பிட் பதிவில் ஒவ்வொரு 6 டெசிபல் குறைவுக்கும் ஒரு பிட் வீணாகிறது. 24 டெசிபல் குறைவாகப் பதிந்தால் நான்கு பிட் போய்விட்டது. 65,536 படிகள் இருக்க வேண்டிய இடத்தில் 4,096 படிகள்தான் மிச்சம். அதைப் பிறகு கூட்டினால் குரலோடு சேர்ந்து இரைச்சலும் அதே அளவுக்குக் கூடும்.

அதிகமாகப் பதிவானால் நஷ்டம் இன்னும் மோசம். டிஜிட்டலில் உச்சவரம்பு ஒன்று உண்டு, அதைத் தாண்டிய அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும். வெட்டியது வெட்டியதுதான். பிறகு எவ்வளவு குறைத்தாலும் கரகரப்பு சின்னதாகக் கேட்குமே தவிரப் போகாது.

ஹெட்போன் துளையிலிருந்து மைக் துளைக்கு வயர் போடும் வைத்தியம்தான் இதில் உச்சம். மைக் துளை மில்லிவோல்ட் அளவு மின்சாரத்தை எதிர்பார்க்கும் இடம். ஹெட்போன் துளை தருவதோ அதைவிடப் பல மடங்கு. 'மைக் பூஸ்ட்' என்ற ஒன்று 20, 30 டெசிபல் கூட்டிவைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். நுழையும் இடத்திலேயே அலை வெட்டுப்பட்ட பிறகு, மென்பொருளில் எதைக் குறைத்து என்ன பயன்? போதாக்குறைக்கு, பெரும்பாலான மடிக்கணினிகளின் மைக் துளை மோனோ. ஸ்பீக்கர் முன்னால் போனை வைத்துப் பதிவது இதற்கும் ஒரு படி கீழே. மின்விசிறியும் தெருநாயும் சேர்ந்தே பதிவாகும்.

காரைக்கால் காவிரியின் கடைமடை. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் இந்த ஊர் விவசாயி மேலே போய் எந்த மதகு அடைத்திருக்கிறது என்று பார்ப்பார். வயலில் நின்றுகொண்டு குடத்தால் இறைக்க மாட்டார். கணினி விஷயத்தில் மட்டும் எல்லோரும் குடத்தோடு நிற்கிறார்கள்!

மேல்மதகு எது? எண்களாக வருவதை எண்களாகவே பிடித்துச் சேமிப்பது. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள், நேரலையை விரிக்காமலே அப்படியே கோப்பில் நகலெடுக்கும். கட்டளை எழுதப் பயமாக இருந்தால் விஎல்சி பிளேயர் போதும். அதில் 'அட்வான்ஸ்டு கண்ட்ரோல்ஸ்' பகுதியைத் திறந்தால் வரும் சிவப்புப் பொத்தான் இதே வேலையைச் செய்யும். இந்த முறையில் ஒலியளவு என்ற பிரச்சினையே எழாது, ஏனென்றால் வழியில் வால்யூம் என்ற ஒன்றே கிடையாது. இடமும் மிச்சம். நொடிக்கு 64 கிலோபிட் நேரலை ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 29 மெகாபைட்தான். அதையே விரித்து சி.டி. தரத்தில் வேவ் கோப்பாகப் பதிந்தால் சுமார் 635 மெகாபைட்.

செய்வது சரியா என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை ஒன்று உண்டு. பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது கணினியை மியூட் செய்ய வேண்டும். பிறகு கோப்பைப் போட்டுப் பார்த்தால் ஒலி முழுதாக இருக்கிறதா? முறை சரி. ஒலி இல்லையா? குமிழ்கள் எல்லாவற்றையும் தாண்டிய பிறகே பதிவாகிறது என்று அர்த்தம்.

"நேரலையின் முகவரியே தெரியவில்லை, செயலியில் மட்டும்தான் ஒலிக்கிறது, அப்போது என்ன செய்வது?" என்பது நியாயமான கேள்வி. அப்போதும் மைக் வேண்டாம். விண்டோசில் ஆடாசிட்டியைத் திறந்து 'வாசாபி' முறையில் 'லூப்பேக்' சாதனத்தைத் தேர்ந்தால் வயர் இல்லாமலே உள்ளுக்குள் பதியலாம். பிளேயரின் வால்யூமை முழுதாக வைக்க வேண்டும். விண்டோசின் ஒலி அமைப்பில் 'கம்யூனிகேஷன்ஸ்' பகுதியையும் ஒருமுறை பார்க்க வேண்டும். இணைய அழைப்பு வந்தால் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும் ஏற்பாடு அங்கே இயல்பாகவே இருக்கிறது. நிகழ்ச்சி நடுவில் திடீரென்று சத்தம் அமுங்கிப்போகும் 'மர்மத்துக்கு' அதுவும் ஒரு காரணம். 'டூ நத்திங்' என்று மாற்றினால் அந்தக் காரணம் ஒழிந்தது. கைபேசி என்றால், 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் உள் ஒலியைப் பதியும் வசதி உண்டு. ஆனால் அதை அனுமதிப்பதும் மறுப்பதும் அந்தந்தச் செயலியின் கையில்.

அடுத்த எதிர்வாதம்: "நிலையமே குறைவாக அனுப்பினால்?" அப்போதும் மூலக் கோப்பைத் தொடக் கூடாது. நகலில் மட்டும் அளவை மாற்றலாம். எம்.பி.3 கோப்பு என்றால் எம்பி3கெயின் என்ற மென்பொருள் மறுபடி சுருக்காமலே 1.5 டெசிபல் படிகளாகக் கூட்டும், வேண்டாம் என்றால் பழையபடி திருப்பியும் தரும். ஆனால் எல்லோரும் ஓடிப்போய் அழுத்துவது 'நார்மலைஸ்' பொத்தானை. அது கோப்பின் மிக உயர்ந்த ஒரு புள்ளியை மட்டும் பார்க்கிறது. அறிவிப்பாளர் மைக்கை ஒருமுறை 'டப்' என்று தட்டியிருந்தால் போதும், அந்த ஒரு தட்டல் உச்சியைத் தொட்டுவிட்டதால் பாட்டியின் பாட்டு முழுவதும் கீழேயே கிடக்கும்.

காது உணர்வது உச்சத்தை அல்ல, சராசரிச் சத்தத்தை. அதை அளக்கச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-லேயே ஒரு அளவுமுறை வகுத்துவிட்டது. அதன் அடிப்படையில் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-ல் மைனஸ் 23 என்ற இலக்கை நிர்ணயித்தது. ஆக, பாதிப் பொறுப்பு ஒலிபரப்புகிறவர்களுக்கும் உண்டு. உள்ளூர்ப் பேச்சு ஒரு அளவு, அடுத்து வரும் விளம்பரம் வேறொரு அளவு என்று அனுப்பிவிட்டு, நேயர் குமிழைத் திருகிக்கொண்டே இருக்கட்டும் என்று எந்த நிலையம் விட்டாலும் அது தவறுதான். நேரலையே வெட்டுப்பட்டு வந்தால் எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது. அதைச் சரிசெய்யும் கை நிலையத்தில் மட்டுமே இருக்கிறது. "பாட்டு போடுங்கள்" என்று எழுதும் நேயர்கள், "அளவைச் சரிசெய்யுங்கள்" என்றும் ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

சவுண்டு கார்டுக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. அடுத்த முறை யாராவது "வால்யூமைக் கூட்டு" என்று சொன்னால், "மியூட் பண்ணிட்டுப் பதிஞ்சு காட்டு பார்ப்போம்!" என்று திருப்பிக் கேட்டால் போதும்.