அளக்காமல் பள்ளத்தில் பொக்லைன் இறக்க வேண்டாம்

குருடிமலை அடிவாரத்தில் கிளம்பி நொய்யலில் சேரும் கௌசிகா, ஆண்டின் பெரும்பகுதி காய்ந்தே கிடக்கிற ஆறு. அதில் வந்து விழும் ஓடைகளைக் கொங்குப் பக்கம் பள்ளம் என்போம். மழைக்கு முன் பள்ளங்களைத் தூர்வாருவது நல்ல நோக்கம்தான். ஆனால் எத்தனை மீட்டர் தோண்டினார்கள், வண்டி எத்தனை மணி நேரம் ஓடியது என்பது கணக்கில் ஏறுகிற அளவுக்கு, தோண்டுவதற்கு முன் பள்ளம் எப்படி இருந்தது என்பது ஏறுவதில்லை. குறுக்களவு, அதாவது கரைக்குக் கரை பள்ளத்தின் ஆழ அளவு, எடுக்காத பள்ளத்தில் தூர்வாருவதை எங்கள் அமைப்பு ஆதரிக்காது.

எல்லாப் பள்ளமும் மேடிட்டுக் கிடக்கவில்லை. ஒரு தரைப்பாலத்தடியில் இறங்கிப் பார்த்தோம். கட்டியபோது மணலோடு மணலாக இருந்திருக்க வேண்டிய கான்கிரீட் தளத்தின் விளிம்பு, படுகைக்கு மேலே முழங்கால் உயரத்தில் தொங்கியது. அதன் அடியில் கை முழுதாக நுழைகிற குடைவு. கரையோரப் புங்கமரத்தின் வேர்கள் பாதி அந்தரத்தில் நின்றன. மணல் போய்ச் சுக்கான்கல் தெரிந்தது. அந்த இடத்தில் தூர்வார என்ன இருக்கிறது?

ஓடுகிற நீரும் சரிவும் தராசின் ஒரு தட்டு, அடித்துவரும் மண்ணின் அளவும் பருமனும் மறுதட்டு என்று 1955-ல் லேன் என்ற அமெரிக்கப் பொறியாளர் விளக்கினார். தூர்வாருகிறோம் என்று, வளைந்து வளைந்து 3 கி.மீ. ஓடும் பள்ளத்தை நிமிர்த்தி 2 கி.மீ. ஆக்கினால் சரிவு ஒன்றரை மடங்காகிறது. தண்ணீர் வேகமெடுத்து அடியைப் பறிக்கும். அந்தப் பறிப்பு நிமிர்த்திய இடத்தோடு நிற்காது. ஒரு படிக்கட்டுபோல மேல்நோக்கி ஊர்ந்து, அடுத்த ஊர்ப் பாலத்தின் அடித்தளம் வரை போய்விடும். தடுப்பணைக்குக் கீழேயும் இதே கதிதான்: மணலை அணை பிடித்துக்கொள்ள, மண் சுமக்காத தண்ணீர் கீழ்க்கரையை அரிக்கிறது. படுகை தாழத் தாழ, ஒட்டியுள்ள கிணறுகளின் நீர்மட்டமும் கூடவே இறங்கக்கூடும்.

அளப்பதற்குப் பெரிய செலவில்லை. இரு கரையிலும் கல் நட்டு, குறுக்கே டேப்பை இழுத்துக் கட்டி, அரை மீட்டருக்கு ஒருமுறை அளவுகோலை இறக்கிக் குறிக்க வேண்டும். புரட்டாசியில் ஒருமுறை, தையில் அதே கற்களுக்கு நடுவே மறுமுறை. இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் வரைந்தால், பள்ளம் மேடிடுகிறதா, ஆழ்கிறதா, கரை நகர்கிறதா என்பது தெரிந்துவிடும். படுகைக் கற்களின் பருமனை அறிய, வோல்மன் என்ற ஆய்வாளர் 1954-ல் சொன்ன முறை போதும்: நடந்துகொண்டே, கண்ணால் பொறுக்காமல், கால்விரல் நுனியில் தட்டுப்படும் கல்லை எடுத்து அதன் நடு அகலத்தை அளப்பது. 100 கல் வேண்டும். பழைய அகலத்துக்கு வருவாய்த் துறையின் புல வரைபடம் இருக்கிறது.

குப்பை, கட்டட இடிபாடு, மதகில் சிக்கிய அடைப்பு ஆகியவற்றை எடுக்க அளவு தேவையில்லை; இன்றே எடுக்கலாம். படுகையில் முளைத்த சீமைக்கருவேலத்தையும் வெட்டலாம். கரையில் நிற்பதை மட்டும் வேரோடு பிடுங்கக் கூடாது என்கிறோம். மண்ணைப் பிடித்து நிற்பது அந்த வேர்தான் என்ற இடங்கள் உண்டு.

தூர்வாரும் பணியின் மதிப்பீட்டோடு குறுக்களவுத் தாளும் இணைந்திருக்க வேண்டும் என்று ஊராட்சிகளைக் கேட்டுக்கொள்கிறோம். கிராம சபையில் தீர்மானம் போட்டு அழைக்கும் ஊருக்கு டேப்பும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு நாங்களே வருகிறோம். பள்ளத்தோரம் தோட்டம் வைத்திருப்பவர்கள் கூட வந்தால் போதும். பழைய கரை எதுவரை இருந்தது என்று காட்ட அவர்கள்தான் வேண்டும்.