தீயணைப்பு வீரர்களின் பணிநிலையும் பாதுகாப்பும் குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்: குடியிருப்போர் நலச் சங்கம், கருவடிக்குப்பம், புதுச்சேரி.

பெறுநர்: தலைமைச் செயலர் அவர்கள், புதுச்சேரி அரசு, புதுச்சேரி.

பொருள்: தீயணைப்பு வீரர்களின் உடல்நலம், கருவிகள், குடும்பப் பாதுகாப்பு, தெருக்களில் வண்டி செல்லும் வழி – நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

பருத்திப் பொதிகளையும் வெடிமருந்தையும் ஒருசேர ஏற்றிவந்த ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ என்னும் கப்பல் 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்தபோது உயிர்நீத்த 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாகவே ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. அவ்வாரத்தில் மலர்வளையமும் அணிவகுப்பும் குறைவின்றி நடைபெறுகின்றன. எஞ்சிய ஐம்பத்தொரு வாரங்களில் அவ்வீரர்கள் எந்த நிலையில் பணிபுரிகிறார்கள் என்பதே இம்மனுவின் பொருளாகும். சீருடைப் பணியில் இருப்போர் தம் குறையைத் தாமே பொதுவில் எடுத்துரைக்கத் தயங்குவது இயல்பாதலால், அவர்களின் உழைப்பால் காக்கப்படும் குடியிருப்போர் சார்பில் இது அளிக்கப்படுகிறது.

தீயணைப்பு வீரரின் உயிருக்குத் தீயைவிடக் கட்டடமும் எரிவாயு உருளையுமே பெரும் எமனாக இருப்பதை அண்மைக்கால நிகழ்வுகள் காட்டுகின்றன. 2012 ஜனவரியில் சென்னை எழிலக வளாகத்துப் பழைய மாளிகை எரிந்தபோது ஒரு வீரர் இறந்தார். 2017 ஜூலையில் கொடுங்கையூரில் அடுமனை ஒன்றில் பற்றிய தீயை அணைக்கையில் உருளை வெடித்து ஒரு வீரர் மாண்டார். 2020 தீபாவளியன்று மதுரையில் துணிக்கடைக் கட்டடம் இடிந்து இரு வீரர்கள் பலியாயினர். இவை அயலூர்ச் செய்திகள் என்று புதுச்சேரி ஒதுக்கிவிட இயலாது. மரவிட்டங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு பூசும் ‘மெட்ராஸ் டெரஸ்’ கூரைகள் நகரின் பழைய தெருக்களில் இன்றும் ஏராளமாக உள்ளன. விட்டம் கருகினால் அக்கூரை மொத்தமாக இறங்கிவிடும். தீயே இல்லாமல், 2014 நவம்பர் மழையில் நகராட்சியின் பழைய மேரி கட்டடம் சரிந்ததை நகரமே கண்டது.

அன்றாடப் பணியோ தீயோடு நிற்பதில்லை. வீட்டுக்குள் புகுந்த பாம்பு, கிணற்றில் விழுந்த மாடு, விரலில் இறுகிய மோதிரம் என எதற்கும் 101 அழைக்கப்படுகிறது. 2011 டிசம்பரில் ‘தானே’ புயல் சாய்த்த மரங்களை அறுத்தெடுக்கவும், 2024 நவம்பர் இறுதியில் ‘ஃபெஞ்சல்’ புயல் மழையில் மூழ்கிய தெருக்களிலிருந்து மக்களை மீட்கவும் அழைப்புக்கு அழைப்பு ஓடியவர்கள் இவர்களே. தீ விபத்து என்றாலோ, புகை மண்டிய அறைக்குள் செல்லும் வீரர் மூச்சுக்கருவி அணிகிறார். முதுகில் சுமக்கும் அழுத்தக் காற்று உருளையும் முகக்கவசமும் சேர்ந்ததே இக்கருவி. முக்கால் மணி நேரத்துக்கு உரியதாகக் கணக்கிடப்படும் காற்று, குழாயைத் தூக்கிக்கொண்டு படியேறும் உழைப்பில் அதற்கு வெகுமுன்பே தீர்ந்துவிடும். தீரும் தறுவாயில் கருவி விசிலடிக்கும். அப்போது உடன் வந்தவரின் தோளைத் தொட்டு, தரையில் கிடக்கும் தண்ணீர்க் குழாயைக் கையால் தடவியபடியே இருவரும் வெளியேற வேண்டும். இருவராக நுழைந்து இருவராகவே திரும்புவது என்னும் இவ்விதியிலிருந்துதான் அத்துறையினரின் தோழமை பிறக்கிறது.

அத்தோழமையைப் போற்றுவதில் இச்சங்கத்துக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் விதியும் நிதியும் செய்யவேண்டியதைத் தோழமையின் தலையில் சுமத்துவது முறையன்று. காயமுற்றவரின் மருத்துவச் செலவுக்குச் சக வீரர்கள் கையிலிருந்து பணம் திரட்டுவதும், ஆள் குறைவான நாளில் ஓய்வைத் துறந்து ஒருவருக்காக மற்றவர் நிற்பதும் பெருந்தன்மை எனப் பாராட்டப்படுவது, நிர்வாகத்துக்கு வசதியான பாராட்டாகிவிடக் கூடாது.

ஆகவே முதற்கண் உடல்நலம் கவனிக்கப்பட வேண்டும். தீயணைப்புப் பணியே புற்றுநோய் விளைவிக்கவல்லது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் வகைப்படுத்தியுள்ளது. புகையிலையும் கல்நாரும் அடங்கிய முதல் பிரிவிலேயே இதுவும் வைக்கப்பட்டுள்ளது. எரிந்த நெகிழியின் நஞ்சு கரியோடு சீருடையில் படிகிறது. அச்சீருடையை வீட்டுக்கு எடுத்துச் சென்று குழந்தைகளின் துணியோடு ஊறவைக்கும் நிலை எங்கும் இருக்கலாகாது என்பதால், ஒவ்வொரு நிலையத்திலும் தனிச் சலவை இயந்திரமும், வீரர் ஒவ்வொருவருக்கும் மாற்றுப் பாதுகாப்பு உடையும், ஆண்டுக்கொருமுறை நுரையீரல் மற்றும் புற்றுநோய்ப் பரிசோதனையும், ஓய்வுக்குப் பின்னும் அப்பரிசோதனை தொடர்வதற்கான ஆணையும் வேண்டப்படுகின்றன. பணியின்போது இறப்பவரின் குடும்பத்துக்குரிய இழப்பீடும் வாரிசு வேலையும், ஒவ்வொரு இறப்பின் பின்னும் தனித்தனியே அறிவிக்கப்படாமல், நிலையான விதியாக எழுதப்பட வேண்டும்.

நிதியைப் பொறுத்தவரை ஒன்றைச் சுட்டாமல் இருக்க முடியவில்லை. பதினைந்தாம் நிதிக்குழுவின் பரிந்துரையையொட்டி மாநிலத் தீயணைப்புத் துறைகளின் விரிவாக்கத்துக்கு ஒன்றிய அரசு ரூ. 5,000 கோடித் திட்டத்தை வகுத்தது. யூனியன் பிரதேசமான புதுச்சேரியோ நிதிக்குழுவின் வரம்புக்கே வெளியே நிற்கிறது. நெருப்புக்கு இவ்வெல்லை தெரியாது. அத்திட்டத்துக்கு ஈடான தனி ஒதுக்கீட்டை ஒன்றிய உள்துறை அமைச்சகத்திடம் புதுச்சேரி அரசு எழுத்துமூலம் கோர வேண்டும்.

கருவடிக்குப்பத்தைப் பற்றியது இறுதிக் கோரிக்கை. பாரதியார் உலவிய தோப்புகள் இருந்த இப்பகுதி வீடுகள் நெருங்கிய நகர்ப்பகுதியாகிவிட்டது. குறுக்குச் சந்துகளில் இருபுறமும் வாகனங்கள் நிற்கையில் தண்ணீர் வண்டி நுழைய இடமிருப்பதில்லை, வீரர்கள் குழாயைத் தோளில் சுமந்து ஓட நேரிடுகிறது. தீயணைப்பு, போக்குவரத்துக் காவல், நகராட்சி ஆகியவை கூட்டாகத் தெருத்தெருவாக ஆய்வு செய்து, வண்டி திரும்பும் முனைகளில் நிறுத்தத் தடை விதிப்பதோடு, சந்துகளுக்கெனச் சிறிய மீட்பு வாகனமும் வழங்க வேண்டும். அவ்வாய்வுக்குத் தெருவுக்கு இருவர் வீதம் உடன்வர இச்சங்கத்தின் உறுப்பினர்கள் ஆயத்தமாக உள்ளனர். ஆய்வு நாளை ஒரு வாரம் முன்னதாகத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள், கருவடிக்குப்பம்.

நகல்: தீயணைப்புத் துறை, புதுச்சேரி, மாவட்ட ஆட்சியர், புதுச்சேரி.