ஆயில் லைட் எரியுதா? வண்டியை உடனே ஓரங்கட்டுங்க! பிக்கப் இன்ஜின் பேரிங் ஏன் போகுது?

வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆகாத வண்டி. சர்வீஸும் சரியா பண்ணியாச்சு. ஆனா ஹைவேயில் போய்க்கிட்டு இருக்கும்போதே இன்ஜின் நின்னுடுது. அமெரிக்காவில் பிக்கப் டிரக் வச்சிருக்கிற பலருக்கு இந்த அனுபவம். காரணம், இன்ஜினுக்குள்ள இருக்கிற பேரிங்.

என்ன நடந்தது?

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2025 ஏப்ரலில் 6.2 லிட்டர் வி8 இன்ஜின் கொண்ட சுமார் 6 லட்சம் வண்டிகளை அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. சில்வராடோ, சியரா பிக்கப்களும் இதில் அடக்கம். கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராடு தயாரிப்பில் குறை என்பதுதான் காரணம். சோதனையில் தேறாத வண்டிக்கு இன்ஜினைச் சரிசெய்வது அல்லது மாற்றுவது, தேறிய வண்டிக்கு இன்னும் கெட்டியான ஆயில் ஊற்றுவது என்று தீர்வு சொன்னது நிறுவனம்.

அதற்கு முந்தைய வருஷம், 2024 மே மாதம், டொயோட்டா சுமார் 1 லட்சம் டன்ட்ரா பிக்கப், லெக்சஸ் எல்எக்ஸ் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. தொழிற்சாலையில் கடைசல் வேலையின்போது வந்த உலோகத் துகள்கள் இன்ஜினுக்குள்ளேயே தங்கி, மெயின் பேரிங்கைக் கெடுத்ததுதான் அங்கே பிரச்னை. 2025 நவம்பரில் மேலும் சுமார் 1.27 லட்சம் வண்டிகள் இந்தப் பட்டியலில் சேர்ந்தன.

பேரிங்னா என்ன?

நம்ம ஊர் மெக்கானிக் இதை 'மெட்டல்' என்பார். கிராங்க் சுத்துற இடத்தில் அரைவட்டமாக இரண்டு துண்டுகள் இருக்கும். இதில் பால்ஸ் கிடையாது. கிராங்கும் மெட்டலும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க, நடுவில் ஆயில் ஒரு மெல்லிய படலமாக நிற்கும். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசு. அந்தப் படலம் அறுந்தால் இரும்பும் உலோகமும் நேரடியாக உரசும். சூடேறும், மெட்டல் உருகி ஒட்டும், இன்ஜின் சீஸ் ஆகும்.

நம்ம பக்கம் எதனால் போகுது?

9,000 கோடி ரூபாய் கார் ஆலைக்கு 2024 செப்டம்பரில் பனப்பாக்கத்தில் அடிக்கல் நாட்டினார்களே, அதே நெமிலி வட்டத்தில் பலருக்குப் பிழைப்பே குட்டியானையும் பிக்கப்பும்தான். நெல் மூட்டை, ஜல்லி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத் தோல் ஷாப்புகளுக்குப் போற உப்புப் போட்ட பச்சைத்தோல் என எல்லா லோடும் இதில்தான். இங்கே பேரிங்குக்கு எமன் பெரும்பாலும் இவைதான்:

ஓவர்லோடு: பாரத்தோட டாப் கியரில் இன்ஜினை முக்க விட்டு ஓட்டினால் மெட்டல் மேல் அழுத்தம் கூடும், ஆயில் படலம் மெலியும். அபராதமும் உண்டு: 20,000 ரூபாய், கூடுதலாக ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

தள்ளிப்போட்ட ஆயில் மாற்றம்: லோடு ஏத்த, இறக்க காத்திருக்கும்போது இன்ஜினை ஓடவிட்டால், கிலோமீட்டர் ஏறாது, ஆனால் ஆயில் கெடும். மீட்டரை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்.

ஆயிலில் தண்ணீர்: ஹெட் கேஸ்கட் போய் கூலன்ட் கலந்தால் ஆயில் பால் கலந்த டீ மாதிரி ஆகும். அந்த ஆயிலோட ஒரு டிரிப்கூட அடிக்கக் கூடாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க, லோடில் ஏற ஏற, அடியிலிருந்து 'டொக் டொக்' சத்தம். வடித்த ஆயிலில் ஜரிகை மாதிரி மினுக்கும் துகள். ஓடும்போது சிவப்பு ஆயில் லைட். லைட் எரிந்தால் 'ஷெட் பக்கத்துலதான் இருக்கு, போயிடலாம்'னு ஓட்டாதீங்க. மெட்டல் மாத்துறதோட முடியவேண்டிய செலவு கிராங்க், பிளாக் வரை போறது அந்தக் கடைசி சில கிலோமீட்டரில்தான்.

என்ன செய்யணும்?

காலையில் வண்டி எடுக்கும் முன், சமதளத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக் பாருங்க. ஆயில் மாற்றும்போது ஃபில்டரையும் மாற்றுங்க. அமெரிக்காவில் கெட்டி ஆயில் ஊத்துறாங்களேன்னு நீங்களும் மாத்தாதீங்க. அது அந்த இன்ஜினுக்கு மட்டும் சொன்னது. உங்க மேனுவலில் உள்ள கிரேடுதான் உங்களுக்கு. டிபிஎஃப் உள்ள பிஎஸ்6 வண்டியில் தப்பான ஆயில் அந்த ஃபில்டரையும் அடைக்கும்.

தப்பு கம்பெனி மேல இருந்தால்?

இங்கேயும் சட்டம் இருக்கு. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவுப்படி, பாதுகாப்புக்கு ஆபத்தான குறை இருந்தால் வண்டிகளைத் திரும்ப அழைக்க மத்திய அரசு உத்தரவிடலாம். இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. 7 வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும். ஆனால் ஒருத்தர் புகார் சொன்னால் போதாது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார்கள் சேர வேண்டும்.

அதனால்தான் பில் முக்கியம். இன்ஜின் சீஸ் ஆனால் முதல் கேள்வியே 'ஆயில் ஒழுங்கா மாத்தினீங்களா?' என்பதுதான். பதில் உங்க கையில் தாளாக இருக்கணும். எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டர், எந்த கிரேடு என்று எழுதிய பில்லை போனில் படம் எடுத்து வையுங்க. வெளி மெக்கானிக்கிடம் மாற்றினாலும் ஆயில், ஃபில்டர் வாங்கின பில்லை வாங்கிடுங்க. டியூ கட்டி முடியாத வண்டி ஷெட்டில் நிற்கும்போது, உங்களுக்காகப் பேசப்போறது அந்தத் தாள்தான்.