பந்தல்காரர்களுக்கும் பயிற்சி வேண்டும்

மதுரைச் சித்திரைத் திருவிழாவின் வெயிலைக் கூலி வாங்காத கைகள்தான் தாங்குகின்றன. கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப்போட்ட நீர்மோரைப் பந்தலில் மண்பானையிலிருந்து மொண்டு கொடுப்பவர்களும், பந்தியில் இலை போடுபவர்களும் தெருக்காரர்களே. ஆனால் 2022-இல் அழகர் வைகையில் இறங்கியபோது நெரிசலில் சிக்கி இருவர் உயிரிழந்ததை மறக்கக் கூடாது. மோர் ஊற்ற மனசு போதும், கூட்டத்தில் மயங்கி விழுந்தவரை மீட்கப் பயிற்சி வேண்டும்.

பயிற்சிக்காகத் தொண்டர்களைப் பதிவு செய்யத் தொடங்கினால் ஆர்வமே வற்றிவிடும் என்பார்கள். நியாயமான அச்சம்தான். தொண்டு செய்ய அனுமதி கேட்டு அலுவலகம் அலுவலகமாக யார் அலைவார்? ஆகவே வார்டு அலுவலகத்திலேயே பெயரையும் கைபேசி எண்ணையும் மட்டும் வாங்கிக்கொண்டு, அன்றே முதலுதவி கற்றுத்தரட்டும் மாநகராட்சி. பந்தல்களின் தண்ணீரையும் இலவசமாகச் சோதித்துத் தர வேண்டும். கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் முன்பே இவ்வேலை தொடங்க வேண்டும்.