‘எல்லாம் எழுதித்தானே இருக்கு?’

மருந்து விஷயத்தில் ஏதாவது கோளாறு நேர்ந்துவிட்டால் முதலில் காதில் விழுவது இதுதான்: “எல்லாம் எழுதித்தானே இருக்கு, படிச்சுப் பார்க்கக் கூடாதா?” டாக்டர் சொல்கிறார், மெடிக்கல் ஷாப்காரர் சொல்கிறார், மெத்தப் படித்த மருமகனும் சொல்கிறார். பழி முழுக்க நோயாளியின் தலையில் விழுகிறது. இந்த வாதத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தால் ஒன்றுகூடத் தேறாது.

எழுதியிருக்கிறது என்கிறார்களே, யாருக்கு எழுதியிருக்கிறது? பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் தாளை விரித்துப் பாருங்கள். இந்தியாவில் விற்கும் பல மருந்துகளின் தாளில், ‘பதிவு பெற்ற மருத்துவர், மருத்துவமனை, ஆய்வகம் ஆகியவற்றின் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி உச்சியிலேயே நிற்கும். அதன் கீழே, மருந்து உடலில் எப்படிக் கரைகிறது, சிறுநீரகம் எப்படி வெளியேற்றுகிறது, விலங்குகளிடம் நடத்திய சோதனை என்ன சொன்னது என்று எறும்பு எழுத்தில் நீளும். நோயாளி இதைப் படிக்கவில்லை என்று கடிந்துகொள்வது, பக்கத்து வீட்டுக்கு வந்த கடிதத்தை ஏன் பிரிக்கவில்லை என்று கோபித்துக்கொள்வது போல.

அந்தத் தாளும் எல்லோர் கைக்கும் வருவதில்லை. நாலு மாத்திரை கேட்டால் கடைக்காரர் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டித் தருகிறார். மருந்தின் பெயரில் பாதியும் காலாவதித் தேதியும் கடையிலேயே தங்கிவிடுகின்றன. காகிதக் கவரில் பேனாவால் 1-0-1 என்று எழுதினால் வேலை முடிந்தது. முழு அட்டையே வாங்கினாலும் நிலைமை பெரிதாக மாறாது. உரிம எண், தொகுதி எண், விலை, எச்சரிக்கைப் பெட்டி எல்லாம் இருக்கும். எப்படிச் சாப்பிடுவது என்ற இடத்தில் பெரும்பாலும் ‘மருத்துவர் சொன்னபடி’ என்றுதான் ஆங்கிலத்தில் இருக்கும். மருத்துவரோ சீட்டைப் பார்க்கச் சொல்கிறார். 2023 ஆகஸ்ட் முதல் 300 பிராண்டுகளின் லேபிளில் கியூஆர் குறியீடு கட்டாயம் என்று விதி வந்தபோது இனி எல்லாம் கைபேசியில் தெரியும் என்றார்கள். அந்த விதி கேட்பது மருந்தின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண், தேதிகள், உரிம எண் ஆகியவற்றை. போலி மருந்தைப் பிடிக்க அது உதவும். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதற்கு உதவாது.

அடுத்த வாதம்: “படிக்காதவர்களுக்குத்தான் சிக்கல், படித்தவர்களுக்குப் புரியும்.” இதைத்தான் அதிகம் பேர் நம்புகிறார்கள். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மூன்று மருத்துவ நிலையங்களில் 395 பேரிடம் மருந்துக் குப்பிகளின் லேபிள்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு லேபிளில் ‘இரண்டு மாத்திரை, தினம் இரண்டு வேளை’ என்று இருந்தது. வாசிப்புத் திறன் குறைந்தவர்களில் நூற்றுக்கு 71 பேர் அதைச் சரியாகச் சொன்னார்கள். “அப்படியானால் ஒரு நாளைக்கு எத்தனை என்று எண்ணிக் காட்டுங்கள்” என்றபோது நாலை எண்ணிக் காட்டியவர்கள் 35 பேர்தான். வாயால் ஒப்பித்ததைக் கையால் செய்ய முடியவில்லை. நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்களும் தப்பவில்லை. கொடுத்த ஐந்து லேபிள்களில் ஒன்றையாவது அவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் தவறாகப் புரிந்துகொண்டார்கள்.

பட்டப்படிப்பு முடித்த அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்கு வருவோம். குழந்தைக்குக் காய்ச்சல். அலமாரியில் பாரசிட்டமால் சொட்டு மருந்தும் இருக்கிறது, பாரசிட்டமால் சிரப்பும் இருக்கிறது. இங்கே பரவலாகக் கிடைக்கும் சொட்டு மருந்தில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம். சாதாரண சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், அதாவது 1 மில்லிக்கு 24. சின்னக் குப்பிதான் நாலு மடங்கு வீரியம். சிரப்புக்குச் சொன்ன 5 மில்லியை அதிலிருந்து ஊற்றினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு குப்பியிலும் அளவு அச்சிட்டுத்தான் இருக்கிறது, ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு, அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எந்தப் பட்டதாரி வகுத்துப் பார்ப்பார்? அமெரிக்காவில் 2011இல் தயாரிப்பாளர்கள் கைக்குழந்தைகளுக்கான திரவத்தையும் பெரிய குழந்தைகளுக்கானதையும் ஒரே வீரியத்துக்குக் கொண்டுவர முடிவெடுத்தார்கள். பெற்றோருக்குப் பாடம் நடத்துவதைவிடக் குப்பியைத் திருத்துவது சுலபம் என்பது அங்கே விளங்கியது.

முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் இன்னும் பயங்கரம். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மருந்து அது. மற்ற மாத்திரைகளோடு சேர்த்துத் தினமும் விழுங்கினால் வாயெல்லாம் புண்ணாகும், எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவது குறையும், உயிரே போகலாம். இந்தத் தவறு உலகெங்கும் திரும்பத் திரும்ப நடந்ததால்தான் 2019இல் ஐரோப்பிய மருந்து முகமை, பெட்டியிலும் உள்ளேயும் பளிச்சென்று நினைவூட்டல் போடுங்கள், நோயாளிக்குத் தனி அட்டை கொடுங்கள், குப்பியில் அடைக்காமல் அட்டை மாத்திரையாகவே கொடுங்கள் என்றது.

“தமிழில் அச்சிட்டுவிட்டால் தீர்ந்தது” என்பார்கள் நம்மவர்கள். அச்சிடட்டும், அது நம் உரிமை. ஆனால் அதோடு தீராது. ஐரோப்பாவில் அவரவர் மொழியில்தான் தாள் வருகிறது. அங்கே ‘பொதுவான’ பக்கவிளைவு என்றால் நூறில் ஒன்று முதல் பத்துப் பேருக்கு வருவது, ‘அரிதான’ என்றால் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு என்று கணக்கு. பிரிட்டனில் இதய நோயாளிகளிடம் கேட்டுப் பார்த்தார்கள். மருந்தால் மலச்சிக்கல் வருவது ‘பொதுவானது’ என்று வெறும் சொல்லில் படித்தவர்கள் தமக்கு அது வர 34 சதவீத வாய்ப்பு என்று நினைத்தார்கள். எண்ணாகப் பார்த்தவர்கள் நினைத்தது 8 சதவீதம். தாய்மொழிதான், எளிய சொல்தான். புரிந்ததோ நாலு மடங்கு.

“விவரமெல்லாம் சொன்னால் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்” என்ற வாதத்துக்கும் பதில் இந்த எண்களிலேயே இருக்கிறது. அவர்களைப் பயமுறுத்தியது விவரமல்ல, மொட்டையான சொல். சொல்லாமல் மறைத்தால் மட்டும் நோயாளி சும்மாவா இருக்கப்போகிறார்? வாட்ஸ்அப் சொல்லும்.

மிச்சமிருப்பது, “புரிஞ்சுதா என்று கேட்டோம், தலையாட்டினார்.” பின்னால் முப்பது பேர் வரிசையில் நிற்கும்போது, நாற்காலியில் டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கும்போது, புரியவில்லை என்று எந்தப் பாட்டி சொல்வார்? இந்தத் தலையாட்டலை ஐரோப்பியச் சட்டம் நம்புவதில்லை. 2005 முதல் அங்கே புதிய மருந்தின் தாளை இருபது சாதாரண மனிதர்களிடம் கொடுத்து, விவரத்தைத் தேடி எடுத்துச் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் குறைந்தது பதினாறு பேர் சரியாகச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் திருத்தி எழுத வேண்டியது தாளைத்தான், நோயாளியை அல்ல.

நம் ஊரில் நோயாளியிடம் சோதித்துப் பார்த்த ஒரு தமிழ்த் தாளைச் சட்டமே கேட்கும் நாள் வரட்டும். அதுவரை கையில் ஒன்று இருக்கிறது. மருந்தைப் பற்றி நோயாளிக்கு எடுத்துச் சொல்வது மருந்தாளுநரின் கடமை என்று 2015ஆம் ஆண்டின் மருந்தகப் பணி ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. அடுத்த முறை கவரை வாங்கிக்கொண்டு உடனே திரும்பாதீர்கள். எந்த மாத்திரை, எப்போது, எத்தனை நாள் என்று நீங்களே திருப்பிச் சொல்லி, சரியா என்று கேளுங்கள். பின்னால் வரிசை முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.