அடுத்த வீட்டுக் கதவு திறந்தபோது!

தோழா!

அட்லாண்டிக் நகரம் என்றோர் ஊர். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், கடலோரத்தில் இருக்கிறது. ஒருபுறம் அலைகடல், அதையொட்டி நெடுந்தொலைவு நீளும் மரப்பலகை நடைபாதை, அந்தப் பாதையோரத்தில் வானளாவும் மாளிகைகள். மன்னர் வாழும் மாளிகைகள் அல்ல அவை. மடியிலுள்ளதை இழப்பதற்கென்றே மக்களை வரவேற்கும் சூதாட்ட மாளிகைகள்! கேசினோ என்பது அவற்றின் நாகரிகப் பெயர்.

2014ஆம் ஆண்டு அந்த மாளிகைகளில் நான்கு, ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்தன. ஜனவரியில் ஒன்று. ஆகஸ்டின் கடைசி நாளில் மற்றொன்று. செப்டம்பரில் இரண்டு. ஏறத்தாழ 8,000 பேர் ஓராண்டுக்குள் வேலையிழந்து வீதிக்கு வந்தனர்.

எங்கோ ஓர் ஊர், எவனோ வைத்த சூது, நமக்கென்ன என்று கேட்கிறாயா? சற்றே பொறு, தோழா. “சூதாட்ட விடுதிக்கு உரிமம் கொடுங்கள், கருவூலம் நிரம்பும், வேலை பெருகும், வெளிநாட்டார் வந்து குவிவர்” என்று ஓதும் மேதாவிகள் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்களுக்குரிய மறுமொழி, மேடையிலே நான் பேசும் பேச்சில் இல்லை. அந்த நான்கு பூட்டுகளில் இருக்கிறது!

ஒரு காலத்தில் அது உல்லாசப் பயணிகளின் ஊர். விமானம் வந்தது, வசதியுள்ளோர் வேறு கடற்கரை தேடிப் பறந்தனர், ஊர் வாடிற்று. வாடிய பயிருக்கு வார்க்க நீர் தேடிய ஆட்சியாளர் கண்ணில் பட்டது சூது. 1974இல், மாநிலத்தில் சூதாட்ட மாளிகை திறக்கலாமா என்று மக்களிடம் வாக்குக் கேட்டனர். “கூடாது” என்றனர் மக்கள். 1976இல் மீண்டும் கேட்டனர்: “அந்த ஒரே ஊரில் மட்டும், வரும் வரி முதியோர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும்.” கிழவியின் மருந்துக்குக் காசு என்றால் யார் மறுப்பர்? மக்கள் இசைந்தனர். 1978 மே 26இல் முதல் மாளிகை திறந்தது.

பணம் கொட்டியதா? கொட்டியது, மறைப்பானேன்? 2006இல் 12 மாளிகைகள், ஓராண்டில் ஆடுவோரிடமிருந்து ஈட்டியது ஏறத்தாழ 520 கோடி டாலர். ஆனால், கொட்டியது ஏன் என்று கேட்டவர் எத்தனை பேர்?

ஒரு நூற்பாலையை எண்ணிப் பார். பஞ்சு உள்ளே போகிறது, நூல் வெளியே வருகிறது. பக்கத்து ஊரில் மற்றோர் ஆலை வந்தால், இன்னும் மெல்லிய நூல் நூற்று ஈடுகொடுக்கலாம். சூதாட்ட மாளிகையில் உள்ளே போவது பணம். வெளியே வருவது வெறுங்கை. அங்கே எதுவும் விளைவதில்லை. ஒருவன் பையிலிருந்தது இன்னொருவன் பெட்டிக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே. அயலூரான் பை அவிழும்வரையில்தான் உள்ளூருக்கு ஆதாயம். அயலூரான் அங்கே வருவது எதுவரை? அவன் ஊரில் அந்தக் கதவு மூடியிருக்கும்வரை!

அட்லாண்டிக் நகரத்தின் செல்வத்திற்கு அடிப்படை அதன் திறமையன்று. அண்டை மாநிலங்களின் தடைச்சட்டம். நெவாடா நெடுந்தொலைவில் இருந்தது. கிழக்குக் கரையிலோ இதற்குப் போட்டியே இல்லை.

கதவுகள் திறக்கலாயின. 1992இல் கனெக்டிகட் மாநிலத்தில் பழங்குடியினர் நிலத்தில் ஒரு பெரிய மாளிகை, 1996இல் மற்றொன்று. டெலவேர் குதிரைப் பந்தயத் திடல்களில் சூதாட்டப் பொறிகளை நிறுத்தியது. 2004இல் பென்சில்வேனியா சட்டம் செய்தது. 2006 நவம்பரில் அங்கே பொறிகள் சுழலத் தொடங்கின. பொறிகள் தரும் வருவாயில் பாதிக்கு மேல் வரியாகப் பிடுங்கிக்கொண்டது அந்த மாநிலம். 2010இல் மேசைச் சூதும் வந்தது. அதே ஆண்டில் மேரிலாந்து தொடங்கியது. 2011இல் நியூயார்க் நகரத்துக் குதிரைப் பந்தயத் திடலிலும் பொறிகள் வந்தன.

ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வண்டியோட்டி வந்து தோற்ற பிலடெல்பியாக்காரன், வீட்டருகிலேயே தோற்கத் தொடங்கினான்! 2012இல் பென்சில்வேனியா சூதாட்ட வருவாயில் இந்த ஊரை முந்தியது. 520 கோடியாக இருந்த வருவாய், 2014இல் 280 கோடிக்கும் கீழே சரிந்தது. எட்டே ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதி!

சரிவு கண்ணெதிரே தெரிந்தபோதேனும் அறிவு வந்ததா? இல்லை, ஆணவம் வந்தது. 240 கோடி டாலர் விழுங்கிய ரெவெல் என்னும் மாளிகை 2012 ஏப்ரலில் திறந்தது. அது எழுந்து நிற்பதற்காக, 26 கோடி டாலருக்கும் மேற்பட்ட வரிச்சலுகை தருவதாக மாநில அரசு வாக்களித்திருந்தது. இரண்டரை ஆண்டுக்குள் இருமுறை மஞ்சள் கடிதாசி! 2014 செப்டம்பரில் பூட்டு. மறு ஆண்டு அது விலைபோனது 8.2 கோடி டாலருக்கு. தோற்றவன் இழந்ததை மீட்க மேலும் மேலும் பந்தயம் வைப்பான் அல்லவா? இங்கே அப்படிப் பந்தயம் வைக்கத் துணிந்தது ஓர் அரசு!

மாளிகையை மலிவாக வாங்கியவன் தப்பிவிடுவான், தோழா. அறை துடைத்த பெண்? தட்டு ஏந்திய கிழவர்? சீட்டுப் பகிர்ந்த இளைஞன்? தாஜ்மகால் என்று பெயர் சூட்டிய ஒரு மாளிகை அங்கே இருந்தது. 2014இல், திவால் வழக்கின் பேரால், நீதிமன்ற ஒப்புதலோடு, அதன் தொழிலாளரின் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதிய உரிமையும் பறிக்கப்பட்டன. 2016 ஜூலையில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வெயிலில் அதே மரப்பாதையில் முழக்கமிட்டு நின்றனர். கிடைத்த விடை? அக்டோபரில் மாளிகையையே மூடிவிட்டார் உரிமையாளரான பெருஞ்செல்வர் ஐகான். கொழுத்த காலத்தில் இலாபம் முதலாளிக்கு. மெலிந்த காலத்தில் நட்டம் தொழிலாளிக்கு!

ஊராட்சியும் தப்பவில்லை. மாளிகைகளின் மதிப்புச் சரிந்தது, சொத்துவரி சரிந்தது, கடன் ஏறியது. 2016 நவம்பரில் நகரத்தின் நிர்வாகத்தையே மாநில அரசு எடுத்துக்கொண்டது. அதே மாதம் அந்த அரசியல்வாதிகள் ஆடிய நாடகத்தையும் கேள்: “அந்த ஒரே ஊரில் மட்டும்” என்று 1976இல் தந்த உறுதியைக் காற்றில் விட்டு, மாநிலத்தின் வடபகுதியிலும் மாளிகை திறக்க மக்களிடம் வாக்குக் கேட்டனர். நான்கு பேரில் மூவருக்கு மேல் “வேண்டாம்” என்றனர். ஆள்வோரைவிட ஆளப்படுவோர் கணக்கறிந்தவர்!

“அந்த ஊர்தான் மீண்டுவிட்டதே” என்பார் மேதாவி. ஆம், 2018இல் மூடிய மாளிகைகள் இரண்டு புதுப்பெயரில் திறந்தன. இன்று ஒன்பது ஓடுகின்றன. ஆனால் 2024இல் மாளிகைக்குள் ஈட்டியது 280 கோடி அளவிலேயே நிற்க, அலைபேசியிலும் கணினியிலும் ஆடும் இணையச் சூது ஏறத்தாழ 240 கோடி ஈட்டியது. அலைபேசிச் சூதுக்கு அறை துடைப்பவர் வேண்டுமா? தட்டு ஏந்துபவர் வேண்டுமா? வேலை தருவோம் என்று சொல்லித் திறந்த வாயில், வேலையற்ற வருவாயில் வந்து நிற்கிறது. இதற்கிடையில் 2025 டிசம்பரில் நியூயார்க் மாநிலம், நியூயார்க் நகருக்குள்ளேயே மூன்று முழு மாளிகைகளுக்கு உரிமம் தந்துவிட்டது. அடுத்த கதவும் திறக்கிறது!

இப்போது நம் திசைக்கு வா. மேற்கே கோவாவின் மண்டோவி ஆற்றில் சூதாட்டக் கப்பல்கள் மிதக்கின்றன. தெற்கே கொழும்பில் 2025 ஆகஸ்டில் புதிய பெரும் சூதாட்ட மாளிகை திறந்தது. அதன் பார்வை இந்தியப் பணக்காரர் மீது. “நம் காசு அங்கே போகிறதே, நாமும் திறந்தால் என்ன?” என்று நம்மிடமும் ஒரு குரல் எழக்கூடும். பென்சில்வேனியா சொன்னதும் அதுவே. மேரிலாந்து சொன்னதும் அதுவே. எல்லோரும் திறந்தபின் அயலூரான் எங்கே? அவரவர் மாளிகையில் அவரவர் மக்களே தோற்றுக்கொண்டிருப்பர். அந்தத் தோல்வியில் பங்கு பெறுவதற்குப் பெயர் அரசு வருவாயா?

வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். சூதில் வென்ற பொருளும் மீன் விழுங்கிய தூண்டில் முள் போன்றது என்பது அவர் கருத்து. தனியொருவனுக்குச் சொன்னார் அவர். ஓர் அரசே முள்ளை விழுங்கினால் என்னாகும் என்பதை அந்தக் கடற்கரை காட்டிவிட்டது.

ஆலை கேள், தோழா. அணை கேள். கல்லூரி கேள். அடுத்த வீட்டுக்காரன் அவற்றைக் கட்டினால் நமக்கு இழப்பில்லை. அவனும் வாழ்வான், நாமும் வாழ்வோம். அண்டை வீடு பூட்டியிருந்தால்தான் பிழைக்கும் தொழில் நமக்கு வேண்டாம். அதைக் கொண்டுவருவோம் என்று எவர் வந்து வாக்குக் கேட்டாலும், அந்த 8,000 பேரை நினைத்து விடை சொல்!