ஒழுகும் கூரைக்கு யார் பொறுப்பு?

மழை பெய்தால் பால்மரம் வெட்ட முடியாது. அன்றைய வருமானம் போயிற்று. இது தொழிலாளி அறிந்த கணக்கு. அதே மழை கூரை வழியே படுக்கையில் இறங்கினால் அந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? ஈரச் சுவரில் பூத்த பூஞ்சையால் பிள்ளை இருமினால் மருந்துச் செலவு யாருடையது? நிர்வாகங்களை நாம் கேட்கிறோம்.

தோட்டத்து வீடு முதலாளி இடும் பிச்சையன்று. 1966இலேயே தொழிலாளர் வீட்டு வசதிக்குச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1990இல் 446ஆம் சட்டம் வந்தது. குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் தரவேண்டும், வீட்டைப் பழுதுபார்த்து வைத்திருக்கவேண்டும் என்பது அதன் கட்டளை. 2020 ஜூன் முதல் தேதியிலிருந்து தொழிற்சாலை முதலிய பிற தொழில்களின் தங்குமிடங்களும் அச்சட்டத்துக்குள் வந்தன. தொழிலாளர் இலாகாவின் சான்றிதழ் இல்லாத தங்குமிடத்தில் ஆளைக் குடிவைப்பது இன்று குற்றம்.

சட்டம் இருந்தும் நடந்தது என்ன? நம் கையால் இறங்கும் ரப்பர்ப் பாலே கையுறையாகிறது. உலகப் பெரும் கையுறை நிறுவனமான டாப் கிளவ்வில், 2020 இறுதியில் ஐயாயிரத்துக்கும் அதிகமான தொழிலாளர்களைக் கொரோனா பிடித்தது. நெருக்கடியான தங்குமிடங்கள் அப்போதுதான் அதிகாரிகளின் கண்ணில் பட்டன. 2021 மார்ச்சில் சான்றிதழ் இல்லாத தங்குமிடங்களுக்காக 10 குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் 50,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். வழக்கு வந்தது நன்று. ஆனால் நோய் வந்து கதவைத் தட்டிய பிறகுதானா சட்டம் விழிக்கவேண்டும்?

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் ஒரு வாடகை வீட்டில் பூஞ்சை படர்ந்தது. பெற்றோர் முறையிட்டனர். மேலே வண்ணம் பூசிக்கொள்ளச் சொன்னார்கள். 2020 டிசம்பரில் இரண்டு வயதுப் பிள்ளை மாண்டது. பூஞ்சையே காரணம் என்று 2022இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புரைத்தார். அப்பிள்ளையின் பெயரால் அமைந்த சட்டவிதி 2025 அக்டோபரில் அமலுக்கு வந்தது. சமூக வீடுகளில் உயிருக்கு ஆபத்தான பழுதை 24 மணி நேரத்துக்குள் கவனிக்கவேண்டும் என்கிறது அது. நமக்கும் அப்படி ஒரு கெடு வேண்டாமா?

"ஏன் வழக்குப் போடவில்லை?" என்று நம்மைக் கேட்பவர்கள் உண்டு. வேலையும் வீடும் ஒரே கையில் இருக்கின்றன, ஐயா! வேலை போனால் வீடும் போகும். வாய் திறந்தால் மூட்டையைக் கட்டவேண்டி வருமோ என்ற அச்சமே பூட்டாகிறது. பாஸ்போர்ட்டையும் பெர்மிட்டையும் நம்பி வந்த வங்காளதேச, நேப்பாளத் தோழனுக்கு அந்தப் பூட்டு இரட்டைப் பூட்டு. அவன் படுக்கும் அறை கெட்டால் நம் லயமும் கெடும். அவனை அந்நியன் என்று ஒதுக்காதீர்கள்.

ஆகவே அரசாங்கத்திடம் நாம் கேட்பது இரண்டு. முறையீடு விசாரணையில் இருக்கும்வரை எவரையும் வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது. பழுதுபார்க்க நாள் குறித்துக் கெடு விதிக்கவேண்டும்.

தொழிலாளர்களிடம் கேட்பது ஒன்று. தனியாள் முறையீட்டை நிர்வாகம் மேசைக்குள் தள்ளிவிடலாம். லயம் முழுவதும் கையொப்பமிட்டதை அப்படித் தள்ள முடியாது. ஒழுகும் இடத்தைத் தேதியுடன் எழுதுங்கள், படம் எடுங்கள், ஒரு பிரதியைச் சங்கக் கிளையில் கொடுங்கள், ஒன்றைத் தொழிலாளர் இலாகாவுக்கு அனுப்புங்கள்.

1967இல் நம் மலாக்காவின் புக்கிட் அசகான் தோட்டத்தார் நியாயம் கேட்டுக் கோலாலம்பூர் நோக்கிக் கால்நடையாகவே புறப்பட்டார்கள். குருபோங் தோழர்களே, உங்களை அவ்வளவு தூரம் நடக்கச் சொல்லவில்லை. சங்கக் கிளை வரைக்கும் சேர்ந்து நடந்து வாருங்கள் என்கிறோம்.